சோன் மாறினால் மாடி ஏறுமா? சென்னையில் நிலப் பயன்பாட்டு மாற்றம்

பட்டாவில் 'புஞ்சை' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, சோன் மாற்ற வேண்டும் என்று அலைகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு வேறு. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. சோன் என்பது 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற, சிஎம்டிஏ என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் உங்கள் சர்வே எண்ணுக்குக் கொடுத்திருக்கும், நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வகைப்பாடு. பட்டாவில் புஞ்சையாக இருக்கும் நிலம் அந்தத் திட்டத்தின் வரைபடத்தில் குடியிருப்பாக இருக்கலாம். வீட்டு மனை என்று சொல்லி விற்ற இடம் விவசாயப் பகுதியாகவும் இருக்கலாம். சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான். கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்து சிஎம்டிஏ இணையதளத்தில் முதலில் பாருங்கள். இந்த வரைபடம் பழைய 1,189 சதுர கிலோமீட்டர் பெருநகரப் பகுதிக்கு மட்டும்தான். 2022இல் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது சேர்ந்த ஊர்களுக்கு இது பொருந்தாது.

ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் ஆகிய மூன்று பகுதிகளிலும் வீடு கட்டலாம், மாற்றம் தேவையில்லை. விவசாயம், தொழிற்சாலை, திறந்தவெளி என்று இருந்தால்தான் விண்ணப்பம். பத்திரம், பட்டா, எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று, இடத்துக்குப் போகும் சாலையைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றுடன் கட்டணம் செலுத்த வேண்டும். நாளிதழில் அறிவிப்பு வரும். நீர்வளத் துறை, வருவாய்த் துறை போன்றவற்றின் கருத்து கேட்கப்படும். பிறகு தொழில்நுட்பக் குழு, அதன்பின் சிஎம்டிஏவின் ஆணையக் கூட்டம். ஒப்புதல் கிடைத்தால் அரசிதழில் வெளியாகும். அரசிதழில் வரும்வரை 'கமிட்டியில் பாஸ் ஆகிவிட்டது' என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்க வேண்டிய நேரம் அந்த நாளிதழ் அறிவிப்புதான். கெடு அதிலேயே அச்சாகியிருக்கும். 'எங்கள் வீட்டுக்குக் காற்று வராது' என்று எழுதினால் எடுபடாது. எஃப்எம்பியில் ஓடையோ வாய்க்காலோ மனைக்குள் ஓடுகிறதா, மழையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, அணுகு சாலையின் உண்மையான அகலம் என்ன என்று சர்வே எண், அளவு, தேதியிட்ட படத்தோடு எழுதுங்கள். நீர்வளத் துறையும் பார்ப்பது இவற்றைத்தான். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, திருவான்மியூர் முதல் உத்தண்டி வரையிலான நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி, 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிய இடங்கள் ஆகியவற்றில் சோனைத் தாண்டித் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

சோன் மாறிவிட்டதாலேயே எவ்வளவு வேண்டுமானாலும் கட்டிவிட முடியாது. அதைத் தீர்மானிப்பது சாலை. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடியில், 4,800 சதுர அடி வரை கட்டலாம். சாலை 9 மீட்டர் அகலம் இருந்தால் பணம் கட்டி 30 சதவீதம் கூடுதலாக, அதாவது பிரீமியம் எஃப்எஸ்ஐ, வாங்கலாம். கணக்கு 6,240 சதுர அடிக்குப் போகும். 12 மீட்டர் சாலையில் 40 சதவீதம், 18 மீட்டரில் 50 சதவீதம். 9 மீட்டருக்குக் கீழே பிரீமியம் கிடையாது. பத்திரத்தில் '30 அடி ரோடு' என்றால் 9.14 மீட்டர், தப்பித்தது. யாரோ படிக்கட்டை அரை அடி வெளியே போட்டு 29.5 அடி ஆகிவிட்டால் 8.99 மீட்டர்தான். அதனால் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு விலை பேசுங்கள். பக்கவாட்டு இடைவெளியும் கார் நிறுத்தும் இடமும் போக, சின்ன மனையில் கணக்கில் வரும் முழுப் பரப்பையும் கட்ட முடிவதில்லை என்பது வேறு.

நகருக்கு வீடு போதவில்லை, சோனைத் தளர்த்துங்கள் என்ற வாதத்தையும் இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். பழைய மாநகராட்சி எல்லைக்குள் மக்கள் தொகை 2001இல் 43.4 லட்சம், 2011இல் 46.5 லட்சம். பத்து ஆண்டில் மூன்று லட்சம்தான் கூடியது. வளர்ச்சி புறநகருக்குப் போனது. 2026இல் பெருநகரப் பகுதியில் சுமார் 126 லட்சம் பேர் இருப்பார்கள் என்று இரண்டாம் முழுமைத் திட்டம் கணக்கிட்டது. அவர்களுக்காக ஓரத்து விவசாய நிலத்தை ஒவ்வொரு சர்வே எண்ணாக மாற்றினால் வீடு வரும். பஸ்ஸும் கழிவுநீர்க் குழாயும் பின்னால்தான் வரும். ஏற்கெனவே குழாயும் மெட்ரோவும் உள்ள தெருக்களில் பிரீமியம் எஃப்எஸ்ஐக்கு விதி இடம் தந்தாலும், குறுகிய சாலை அதைத் தடுத்துவிடுகிறது. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் விடுபவர்களுக்கு வளர்ச்சி உரிமை மாற்றம், அதாவது விட்ட நிலத்துக்கு ஈடாகக் கட்டும் உரிமை, தரும் ஏற்பாடு விதியில் இருக்கிறது. மூன்றாம் முழுமைத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்பவர்கள், சோன் நிறத்தைப் பற்றி எழுதுவதோடு இதையும் கேட்பது நல்லது.

அரசிதழ் வந்த பிறகும் திட்ட அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 3,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனையில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டலாம், அதற்கு மேல் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். உரிமையாளரே சான்றளித்து இணையத்தில் அனுமதி பெறும் சுயசான்று முறை 2024இல் வந்தபோது, 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீட்டுக்கானதாக இருந்தது. விவசாயப் பகுதியில் இருக்கும் மனைக்கு அதைக் குறுக்குவழியாக நினைத்து வாங்கிவிடாதீர்கள்.