புட்டிப் பாலும் முன்பற்களும்

மூன்று வயது மகளின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறிவிட்டதாகவும், வயதுக்கு மீறி எடையும் கூடியிருப்பதாகவும் எழுதிய ஒரு வாசகர், இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தார். ஒன்று மற்றொன்றை உண்டாக்குவதில்லை; சர்க்கரைதான் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவான காரணம். எடை கூடுவதில் எவ்வளவு சர்க்கரை உள்ளே போனது என்பது முக்கியம். பல் சொத்தையாவதில் எத்தனை முறை போனது என்பது அதைவிட முக்கியம்.

எடைக் கணக்கு எளிது. புட்டிக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 10 கிராம் சர்க்கரை என்றால், நாளுக்கு மூன்று புட்டியில் 30 கிராம், 120 கிலோகலோரி. சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 1,000 கிலோகலோரி தேவைப்படும் குழந்தைக்கு அது 25 கிராம்தான்.

பல்லில் நடப்பது இதைவிட நுட்பமானது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியா சர்க்கரையின் ஒரு பகுதியைப் பிசினாக்கிப் பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. மீதியை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. சில நிமிடங்களில், பல்லில் ஒட்டிய அந்தப் படலத்தின் பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்க, பல்லின் மேலோடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களை மெல்ல மெல்லத் திருப்பி வைக்கிறது. இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் 1940களில் அமெரிக்கப் பல் ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் அளந்து காட்டினார். மீட்சிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் தேவை. அதற்குள் இன்னொரு வாய் உறிஞ்சினால், பல் மீண்டும் கரையத் தொடங்கிவிடும்.

புட்டியோடு உறங்கும் குழந்தைக்கு உமிழ்நீர் ஏறக்குறைய நின்றேபோகிறது. இனிப்புப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. கீழ் முன்பற்கள் மட்டும் பளிச்சென்று தப்பிவிடும்: நாக்கு அவற்றின் மேல் போர்வைபோல் படிந்திருக்கிறது, நாக்கடி உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அங்கேதான் திறக்கின்றன. எந்தப் பல் சொத்தை, எந்தப் பல் நலம் என்பதைப் பார்த்தே இரவில் புட்டி தரப்படுவதை ஊகித்துவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இதில் பூச்சி எதுவும் இல்லை. பிரான்சின் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-லேயே மறுத்த பல் பூச்சியை, கண்டங்கத்தரி விதைப் புகை காட்டி வெளியேற்றுவதாக இன்றும் சிலர் காசு வாங்குவதும், அதற்குள் சீழ் வைத்துக் குழந்தை வலியில் துடிப்பதும் வேதனைக்குரியவை. சொத்தை முற்றினால் மெல்ல முடியாமல் எடை குறைந்துபோகும் குழந்தைகளும் உண்டு. ஆகவே எடையை மட்டும் பார்த்துப் பல்லின் நிலையை முடிவு செய்ய இயலாது.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளிலேயே குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கவும் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், அதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஈறோரமாகச் சுண்ணாம்புக் கோடுபோல் மங்கலான வெண்மை தெரிந்தால், குழி இன்னும் விழவில்லை என்று பொருள். இரவுப் புட்டியை நிறுத்தி, மூன்று வயதுக்குள் அரிசி மணியளவும் அதன்பின் பட்டாணியளவும் ஃபுளோரைடு பற்பசை வைத்து காலையும் இரவும் துலக்கிவந்தால், அந்த இடத்தில் தாதுக்கள் மறுபடியும் படிய இன்னும் வாய்ப்பு உண்டு.