வெளியே சிவந்த மீன், உள்ளே பச்சை

“மேடம், இனிமே எங்க வீட்ல மீனே வேண்டாமுங்க.”

உணவு ஆலோசகரான என் அறைக்கு இந்த மாதம் வந்து இதைச் சொன்ன மூன்றாவது குடும்பம் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஐயாவுக்கு 64 வயது. ஆறு மாதம் முன்பு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். எண்ணெயில் பொரித்ததைக் குறையுங்கள், வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிடுங்கள் என்று உணவுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததே நான்தான். எண்ணெய்க்குப் பதில் சூடான காற்றைச் சுழற்றி வேகவைக்கிற ஏர் ஃப்ரையரை மகன் வாங்கிக் கொடுத்துவிட்டார். கோவையில் கடல் மீன் வேண்டுமென்றால் உக்கடம் மார்க்கெட் வரை போக வேண்டும், கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. சூப்பர் மார்க்கெட்டில் முள் இல்லாத பாசா ஃபில்லட் பாக்கெட்டில் கிடைக்கிறது. வாங்கி வந்து, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு கட்டியாக இருந்த மீன்மேல் மசாலாவைத் தடவி உள்ளே வைத்துவிட்டார்.

“இருநூறுல பன்னெண்டு நிமிஷம் வெச்சேனுங்க. நல்லா செவந்துதானுங்க வந்துச்சு.”

நடுவில் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஐயா சொன்னார்: “கொஞ்சம் வழவழன்னு இருந்துச்சு. அந்த மீனே அப்படித்தான் போலன்னு சாப்பிட்டுட்டேன்.”

மறுநாள் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் அவர். உடம்பில் தண்ணீர் வற்றும்போது அந்த மாத்திரைகளும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மீன்தான் காரணம் என்று யாரும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று வீட்டில் மீன் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். ரசம் சாதம் சாப்பிட்ட மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை.

சரி, அந்த 200 டிகிரிக்கு வருவோம். மூன்று குடும்பமும் என்னிடம் வாதாடியது இந்த எண்ணை வைத்துத்தான். “இருநூறு டிகிரி மேடம்! தண்ணியே நூறுலதான் கொதிக்குது. இருநூறுல எந்தக் கிருமி பொழைக்கும்?”

இயந்திரத்தில் தெரியும் 200, உள்ளே சுற்றுகிற காற்றின் சூடு. மீனின் சூடு வேறு. சூடான ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுத்தால் அனல் அடிக்கும், அவ்வளவுதான். 180 டிகிரி எண்ணெயில் ஒரு சொட்டு கையில் பட்டாலே கொப்புளம். காற்று சூட்டைக் கைமாற்றுவதில் அவ்வளவு மந்தம். எண்ணெய்ச் சட்டியில் பழகிய கை, மூன்று நிமிடத்தில் மீனைத் திருப்பிப் போட்ட கை, அதே கணக்கை இங்கே போட்டால் தப்பாகிவிடும்.

இதில் ஐஸும் சேர்கிறது. பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அது சமையலறையில் வேலை செய்யும் இடம் இதுதான். ஒரு கிராம் ஐஸைக் கரைத்துத் தண்ணீராக்க மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றவும் அதே 80 கலோரிதான். (நான் டயட் சீட்டில் எழுதும் கலோரி இதைவிட ஆயிரம் மடங்கு பெரியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பாசா போன்ற வெள்ளைச் சதை மீனில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கட்டியாக உறைந்த துண்டை வேகவைக்கும்போது, உள்ளே போகிற வெப்பத்தில் ஏறக்குறைய பாதி ஐஸைக் கரைக்கவே செலவாகிவிடுகிறது. மீதியில்தான் மீன் வேக வேண்டும். ஐஸ் கரைந்து முடிகிற வரை அந்த இடத்தின் சூடு பூஜ்ஜியத்தை ஒட்டியேதான் நிற்கும். வெளியே 200 என்றாலும் சரி, 220 என்றாலும் சரி. போதாக்குறைக்கு, பாக்கெட் மீன் காய்ந்துபோகாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் தெளித்து ஐஸ் பூச்சு வேறு கொடுத்திருப்பார்கள். அதுவும் கரைந்தாக வேண்டும்.

மீனின் நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மீனுக்குச் சொல்லும் அளவு அது. 200 வேண்டியதில்லை, 63 போதும். ஆனால் அந்த 63 நடுவில் வேண்டும்.

“செவந்துச்சே” என்பதற்கும் ஒரு பதில் உண்டு. அந்தச் சிவப்பு பெரும்பாலும் காஷ்மீரி மிளகாய்த் தூளின் சிவப்பு. மீன் உள்ளே போகும்போதே சிவப்பாகத்தான் போனது! நம் மசாலா, வெந்ததா இல்லையா என்று கண்ணுக்குக் காட்டுகிற அத்தனை அடையாளத்தையும் மூடிவிடுகிறது. முள்கரண்டியால் நடுவில் குத்தித் திருகிப் பாருங்கள். சதை முழுக்கப் பால் வெள்ளையாக மாறி, இதழ் இதழாகப் பிரிய வேண்டும். கண்ணாடி மாதிரி வழவழப்பு கொஞ்சம் தெரிந்தாலும் திரும்ப உள்ளே வையுங்கள். உணவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏர் ஃப்ரையருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் இதையும் வாங்கலாம்.

ஃப்ரீசரில் இருந்த மீனில் கிருமி ஏது என்று கேட்பவர்களுக்கு: ஃப்ரீசர் பாக்டீரியாவைத் தூங்கத்தான் வைக்கும். கரைந்ததும் எழுந்துகொள்ளும்.

ஃப்ரீசரிலிருந்து நேரடியாகச் சமைப்பது தவறா? இல்லை. தாராளமாகச் செய்யலாம், முறையாகச் செய்தால். ஐஸ் பூச்சு போகிற மாதிரி குழாய்த் தண்ணீரில் ஒரு கணம் காட்டி, துணியால் ஒற்றி, எண்ணெயை லேசாகத் தடவுங்கள். மசாலா இப்போது வேண்டாம். ஐஸ்மேல் தடவிய மசாலா கரைகிற தண்ணீரோடு வழிந்து கூடைக்கு அடியில்தான் கிடக்கும். 180இல் ஆறேழு நிமிடம் வைத்தால் துண்டு இளகி, தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீனை மறுபடி ஒற்றி, கெட்டியாகக் குழைத்த மசாலாவை அப்போது தடவி, 190 அல்லது 200இல் இன்னும் எட்டு முதல் பத்து நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்புங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் தடிமன் இருந்தால் இன்னும் நேரம் ஆகும். ஒவ்வொரு இயந்திரமும் ஒரு மாதிரி என்பதால் நிமிடத்தை நம்பாதீர்கள், முள்கரண்டியை நம்புங்கள். வாலோரம் மெலிந்த துண்டு முதலில் வெந்துவிடும், அதை மட்டும் எடுத்து வைத்துவிடலாம்.

துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள். கூடை முழுக்கக் காகிதமோ வாழை இலையோ விரித்து ஓட்டைகளை அடைக்காதீர்கள், காற்று போக வழியில்லாவிட்டால் அது வெறும் சூடான டப்பா. பச்சை மீன் தொட்ட கிண்ணத்தில் மீந்த மசாலாவை வெந்த மீன்மேல் தடவாதீர்கள். ரொட்டித்தூள் பூசிய ஃபிஷ் ஃபிங்கரில் மேல் பூச்சு ஒட்டுவதற்காக ஒரு நொடி எண்ணெயில் காட்டியிருப்பார்கள். உள்ளே பல நேரம் பச்சைதான், பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தைக் குறைக்காதீர்கள்.

கரைத்துச் சமைப்பதுதான் வசதி என்றால் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில், தட்டோடு வைத்துவிடுங்கள். காற்று உறிஞ்சி மூடிய பாக்கெட்டாக இருந்தால் வாயைக் கத்தரித்துவிட்டு வையுங்கள். காற்றே இல்லாத இடத்தில், ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் பாக்டீரியா ஒன்று மீனில் இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. காலையில் வேலைக்குப் போகும்போது சிங்க்கில் போட்டுவிட்டு மாலை ஆறு மணிக்கு வந்து எடுக்கிறார்களே, தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். மசாலா தடவி மேடையில் மணிக்கணக்காக ஊறவைப்பதும் அப்படித்தான். கையிலிருந்து போகும் சில கிருமிகள் உண்டாக்குகிற நஞ்சு, அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. மின்சாரம் நெடுநேரம் போயிருந்தால் பாக்கெட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஐஸ் பாளமாகத் தேங்கி, துண்டுகள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் அது ஒருமுறை கரைந்து மறுபடி உறைந்த மீன். அது வேண்டாம்.

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதில் எதையும் “இன்னிக்கு ஒருநாள்தானே” என்று விடாதீர்கள். வயிற்றுப்போக்கோடு காய்ச்சல், தலைசுற்றல், சிறுநீர் குறைவது என்று வந்தால் வீட்டில் கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். போடுகிற மாத்திரைப் பட்டியலையும் எடுத்துப் போங்கள்.

பாசா என்றாலே சாக்கடை மீன் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றியும் அந்த அம்மா கேட்டார். பண்ணையில் வளர்க்கும் மீன் அது. முறையாகப் பதப்படுத்திய பாக்கெட்டாக இருந்தால் பயம் வேண்டாம். இதயத்துக்கு நல்லது என்று நாங்கள் சொல்லும் ஒமேகா 3 மட்டும் அதில் குறைவு. அதற்கு மத்தியும் அயிலையும்தான். வாரத்தில் ஒருநாள் குழம்பில் மத்தி, ஒருநாள் ஏர் ஃப்ரையரில் பாசா என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், நோய்வாய்ப்பட்ட உடம்புக்கு மீனைப் போல எளிதில் செரிக்கும் புரதம் குறைவு. வாயைக் கட்டி வாழ்கிற மனிதருக்கு ருசியாகக் கிடைக்கிற ஒன்றிரண்டு பொருளில் அதுவும் ஒன்று. ஒருநாள் அரைவேக்காட்டுக்காக அதைத் தட்டிலிருந்தே எடுத்துவிட்டால் எப்படி? “ஒரே ஒரு துண்டு செஞ்சு, நடுவுல வெட்டி, எனக்குப் போட்டோ அனுப்புங்கம்மா. அப்புறம் ஐயாவுக்குக் கொடுங்க” என்று கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் போட்டோ வந்தது. நடுவில் இன்னும் கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு கோடு. நான் பதில் எழுதுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது: “மறுபடி நாலு நிமிஷம் உள்ள வெச்சிருக்கேனுங்க.”