மங்கு: எந்த மருந்து எங்கே வேலை செய்கிறது?

கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு படர்ந்துவிட்டதே என்று மெடிக்கல் ஷாப்பில் க்ரீம் கேட்டு வாங்கித் தடவுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி வாங்கும் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். கொஞ்ச நாளில் முகம் பளிச்சென்று ஆகும், நிறுத்தியதும் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும், மங்கும் திரும்பி வரும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

மங்கில் நடப்பது இதுதான்: மெலனோசைட் செல்கள், டைரோசினேஸ் என்ற நொதியைக் கொண்டு அளவுக்கு மீறி நிறமியைத் தயாரித்து, சுற்றியுள்ள தோல் செல்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஹைட்ரோகுவினோன் என்ற பூசும் மருந்து அந்த நொதியைத் தடுக்கிறது. ஏற்கெனவே மேலே ஏறிவிட்ட நிறமி உதிர வேண்டுமே, அதை ட்ரெட்டினாயின் என்ற இன்னொரு மருந்து வேகப்படுத்துகிறது. இரண்டும் சேர்ந்து தோலை எரிச்சலாக்கும் என்பதால் கொஞ்சம் ஸ்டீராய்டும் சேர்த்து, 1975-இல் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் வில்லிஸும் ஒரு மும்மருந்துக் கலவையை வெளியிட்டார்கள். இன்றைய வடிவத்தில் ஹைட்ரோகுவினோன் 4%, ட்ரெட்டினாயின் 0.05%, ஃப்ளூசினோலோன் என்ற ஸ்டீராய்டு 0.01%. பூசும் மருந்துகளில் இன்னமும் இதற்குத்தான் பலன் அதிகம், ஆனால் தோல் டாக்டர் பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும். வருடக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும், ஹைட்ரோகுவினோனே நீலக்கருப்பாக ஒரு கறையை உண்டாக்கலாம், அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கஷ்டம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கலவை கூடாது, அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் இருக்கிறது, மெதுவாகத்தான் வேலை செய்யும்.

அப்புறம் டிரானெக்ஸாமிக் அமிலம். ரத்தப்போக்கை நிறுத்தத் தரும் மாத்திரைதான், மங்கும் குறைவதை 1979-இல் ஜப்பானில் கவனித்தார்கள். வெயில் பட்ட தோலிலிருந்து மெலனோசைட்டுக்குப் போகும் தூண்டுதலை இது குறைக்கிறது. மங்குக்கு வழக்கமாக 250 மி.கி., தினம் இரண்டு வேளை. ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது, அதனால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

தோலின் மேலடுக்கை அமிலம் பூசி உரிக்கும் பீலும், லேசரும் கடைசியில்தான். நம் மாநிறத் தோலில் சூடும் புண்ணும் பட்டால் அந்த இடமே கூடுதலாகக் கருத்துவிடும், அதற்குக் கொடுக்கும் காசையும் நினைத்துப் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது சன்ஸ்கிரீன். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியும் மெலனோசைட்டைத் தூண்டும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். வாங்கும்போது அட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.