ரம்பத்தை எடுப்பதற்கு முன் மவுத்பீஸைப் பாருங்கள்

பித்தளை வாத்தியங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். போன மாதம் ஒரு தம்பி, பி பிளாட் சுருதியில் அமைந்த டியூபா ஒன்றை, அதாவது அடிநாதம் தருகிற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை, சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். "அண்ணா, இதை வெட்டி, ஒரு முழு ஸ்வரம் உயர்ந்த சி டியூபா ஆக்கிக் கொடுங்க. சோலோவுக்குக் கனமா இருக்கு, சுருதியும் நிக்க மாட்டேங்குது" என்றார்.

வெட்டலாம்தான். சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் டியூபா கலைஞர் அர்னால்ட் ஜேக்கப்ஸ் வாசித்த, யார்க் கம்பெனி செய்த சி டியூபாவின் நாதத்தில் மயங்கி, பழைய யார்க் பி பிளாட்களை வெட்டியவர்கள் அமெரிக்காவில் உண்டு. ஆனால் பி பிளாட்டின் குழாய் சுமார் 18 அடி, சி-யினுடையது 16 அடி. சீராக அகன்றுகொண்டே போகிற குழாயில் நடுவே இரண்டடியை எடுத்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். வால்வை அழுத்தினால் காற்று போகிற கூடுதல் குழாய்களான வால்வு ஸ்லைடுகள் ஒவ்வொன்றிலும் ஒன்பதில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று திரும்ப ஒட்டினால் பழைய வாத்தியம் வராது.

அதனால் முதலில் மற்றதைப் பார்த்தேன். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை உருவி, பிறகு வால்வை அழுத்தினால் 'டப்' என்று சத்தம் வர வேண்டும். அவருடைய மூன்றாம் வால்வில் 'புஸ்' என்றுதான் வந்தது, அதாவது காற்று கசிகிறது. எச்சில் வடிக்கிற சாவியின் கார்க் காய்ந்து நொறுங்கிக் கிடந்தது. வால்வை நிறுத்துகிற கம்பளி வளையமான ஃபெல்ட் தேய்ந்து, வால்வின் துளை குழாய்க்கு நேராக நிற்கவில்லை. மவுத்பீஸைப் பிடுங்கினால் அதன் தண்டில் செய்தித்தாள் சுற்றியிருக்கிறது! மவுத்பீஸ் செருகுகிற ரிசீவர் ஐரோப்பிய அளவு, அதில் மெல்லிய அமெரிக்கத் தண்டு. ஆடாமல் இருக்கக் காகிதம். சுருதி எப்படி நிற்கும்?

கார்க், ஃபெல்ட், பொருத்தமான மவுத்பீஸ் எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலை. அப்புறம் பார்த்தால், நான்காம் வால்வை அவர் தொடுவதே இல்லை. ஒன்றாம், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் சுருதி ஏறும். நான்கை மட்டும் அழுத்தினால் அதே ஸ்வரம் இறங்கிச் சரியான சுருதியில் நிற்கும். அதையும் காட்டினேன்.

மிச்சமிருந்தது கனம். அதற்கு ரம்பம் வழியல்ல, வேறு டியூபாதான். ஜெர்மனியில் சோலோவுக்கு எஃப், பெரிய இசைக்குழுவில் அடித்தளத்துக்கு பி பிளாட் என்று இரண்டு வைத்துக்கொள்வார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான்கு வால்வு ஈ பிளாட் காம்பென்சேட்டிங் (சுருதியைத் தானே ஈடுகட்டுகிற) டியூபாவை நான் சொல்வேன். இங்கிலாந்தில் வாத்தியங்களை வடிவமைத்த பிளெய்க்லி 1874-இல் வகுத்த முறை அது. நான்காம் வால்வோடு மற்றவற்றையும் அழுத்தினால் காற்று அந்த வால்வுகள் வழியே இரண்டாம் சுற்று போய், குறைகிற நீளத்தை ஈடுகட்டும். ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் 1954 டியூபா கான்செர்ட்டோவையும் அதில் வாசிக்கலாம், பிராஸ் பேண்டிலும் உட்காரலாம். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் மட்டும் அடிநாதம் கொஞ்சம் மெலியும்.

வாங்கப் போகும்போது ஒரு நண்பரைக் கூட்டிப்போய் முப்பதடி தள்ளி நிற்க வையுங்கள். வாத்தியத்தின் அகன்ற வாயான பெல்லுக்குக் கீழே உட்கார்ந்து கேட்கிற நாதம் வேறு. சுழலும் வால்வு கொண்ட ரோட்டரி எஃப் டியூபா என்றால் கீழ் சி-யை வாசித்துப் பாருங்கள், பல மாடல்கள் அங்கேதான் வழுக்கும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கழற்றிப் போடக்கூடியதில் தொடங்குங்கள். வாசிக்கும்போதே இழுத்துச் சுருதியைச் சரிசெய்ய, முதல் வால்வு ஸ்லைடை இடது கைக்கு எட்டும்படி தளர்த்துவதே பலருக்குப் போதும். மவுத்பீஸிலிருந்து தொடங்குகிற முதல் குழாயான லீட்பைப்பை மாற்றினால் பழையதைத் துணியில் சுற்றி கேஸுக்குள்ளேயே வையுங்கள். விற்கும்போது விவரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் கேட்பார்.