கண்ட்ரோலருக்கு டிரைவர் தேடுவதற்கு முன்

கோடை விடுமுறை வந்துவிட்டால் கீழக்கரையில் என் சர்வீஸ் கடைக்குக் கேம் கண்ட்ரோலர்கள் வரத் தொடங்கிவிடும். வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது, ஆன்லைனில் மலிவாகப் பிடித்தது என்று பல வகை. பையன்கள் சொல்வது மட்டும் ஒன்றுதான்: "காக்கா (அண்ணா), டிரைவர் இல்லையாம், போட்டுக் கொடுங்க." டிரைவர் என்பது கண்ட்ரோலரை விண்டோஸுக்குப் புரியவைக்கிற மென்பொருள். பிரித்துப் பார்த்தால் டிரைவர் கோளாறாக இருப்பது அபூர்வம். டிரைவர் தேடப் போய்க் கெடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர்கள்தான் அதிகம்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலருக்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. மலிவு கண்ட்ரோலர்களில் பெரும்பாலானவையும் தன்னை எக்ஸ்பாக்ஸ் 360 என்றோ சாதாரண யுஎஸ்பி கேம்பேட் என்றோ சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும். இரண்டையுமே விண்டோஸ் தானாக ஏற்றுக்கொள்ளும்.

பிறகு ஏன் வேலை செய்யவில்லை? முதலில் காதைக் கொடுங்கள். செருகியதும் கம்ப்யூட்டரில் அந்த 'டிங்' சத்தம் வருகிறதா? கண்ட்ரோலரில் விளக்கு எரிந்தும் சத்தம் வரவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பழைய பவர்பேங்கோடு வந்த கேபிள்கள் பலவற்றில் கரண்டுக்கான இரண்டு கம்பி மட்டுமே இருக்கும். டேட்டா போகிற இரண்டும் இருக்காது. போனில் போட்டோ காப்பி செய்ய முடிகிற கேபிளா என்று பார்த்து அதைப் போடுங்கள்.

அடுத்தது போர்ட். நம் கரைக்கு இது தனிப் பிரச்சினை. ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம் பக்கத்திலிருந்து வருகிற சிஸ்டங்களில் முன்பக்க யுஎஸ்பி போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பாக இருக்க வேண்டிய தகடுகள் மங்கி, ஓரத்தில் பச்சையாகப் பொடி பூத்திருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் பார்த்த ஜன்னலோரம் வைத்த பெட்டி என்றால் சொல்லவே வேண்டாம். அங்கே செருகினால் 'அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்' என்றும், பிழை எண்ணாகக் கோடு 43 என்றும், இணைத்த கருவிகளைப் பட்டியலிடுகிற டிவைஸ் மேனேஜர் காட்டும். அதைப் பார்த்துத்தான் டிரைவர் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோடு 43 பெரும்பாலும் கேபிளோ போர்ட்டோ கண்ட்ரோலரோ கெட்டதற்கான அடையாளம். பின்பக்க போர்ட்டில் மாற்றிச் செருகுங்கள். சுத்தம் செய்வதானால் மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். குண்டூசி வேண்டாம், அப்புறம் தகடு வளைந்துவிடும்.

கோடு 28 வந்தால்தான் உண்மையில் டிரைவர் இல்லை. அதற்கும் முதலில் விண்டோஸ் அப்டேட்டில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியைப் பாருங்கள்.

சத்தம் வருகிறது, பெயரும் காட்டுகிறது, கேமில் மட்டும் வேலை செய்யவில்லையா? விண்டோஸ் கீயோடு ஆர் கீயை அழுத்தி, ஆங்கிலத்தில் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று தட்டுங்கள். திறக்கிற பெட்டியில் கண்ட்ரோலரைத் தேர்ந்து 'பிராப்பர்ட்டீஸ்' போடுங்கள். பட்டன்களை அழுத்த அழுத்த அங்கே விளக்கு மாறினால் டிரைவர் சரி. கேமுக்கும் கண்ட்ரோலருக்கும்தான் பேச்சு ஒத்துப்போகவில்லை. கேமும் கண்ட்ரோலரும் பேசிக்கொள்ள இரண்டு முறைகள் உண்டு. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ ஒட்டி எக்ஸ்இன்புட் வந்தது. அதற்கு முந்தையது டைரக்ட்இன்புட். புதிய கேம்கள் பல எக்ஸ்இன்புட் மட்டுமே கேட்கும். பல கண்ட்ரோலர்களில் ஹோம் அல்லது மோட் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். சிலவற்றில் பின்னால் சுவிட்சே இருக்கும். பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரை ஸ்டீம் என்கிற கேம் கடை மென்பொருளில் விளையாடுவதென்றால், அதன் கண்ட்ரோலர் அமைப்பில் அதை இயக்கிவிட்டாலே போதும்.

தனி மென்பொருள் தேவைப்படுகிறவையும் உண்டு: ஸ்டீயரிங் வீல்கள், பிளேஸ்டேஷன் 3-இன் பழைய கண்ட்ரோலர். வீலுக்குத் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்துக்கு மட்டும் போங்கள். தேடலில் மேலே விளம்பரமாக வருகிற, 'உங்கள் டிரைவர்கள் எல்லாமே பழசு' என்று மிரட்டுகிற அப்டேட்டர்கள் எதுவும் வேண்டாம். ஒரு லேப்டாப் வந்தது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லியிருக்கிறது, பையனும் செய்திருக்கிறான். பிரவுசரின் முகப்பு மாறி, மூலையில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் லாத்தாவின் (அக்காவின்) நெட்பேங்கிங் பாஸ்வேர்ட் அதே பிரவுசரில்தான் சேமித்திருந்தது. கண்ட்ரோலருக்கு ஒன்றுமில்லை, கேபிள்தான் கோளாறு.

உங்கள் வீட்டிலும் அப்படி எதையாவது போட்டிருந்தால் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், அந்த மென்பொருளை நீக்குங்கள், விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேனும் ஆஃப்லைன் ஸ்கேனும் ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாமல், போனிலிருந்து மாற்றுங்கள். வங்கிக் கணக்கை முதலில்.