எம்பெட் செய்த குறிப்பில் கை வைக்கும் முன்

போன வாரம் கோவைப் பக்கம் ஒரு கேட்டரிங் சமையற்கூடத்தில் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் சாம்பார் பொடியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். சிறு நிறுவனங்களின் குறிப்புகளையும் ஆவணங்களையும் செயலியில் ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில். இதே தவறுக்காக இந்த வருடம் என்னைக் கூப்பிட்ட ஐந்தாவது இடம் அது. இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அவர்களிடம் ‘சாம்பார் பொடி’ என்று ஓர் அடிப்படைக் குறிப்பு இருக்கிறது. 10 கிலோ பொடிக்கு மல்லி எவ்வளவு, மிளகாய் வற்றல் எவ்வளவு, வெந்தயம் எவ்வளவு என்ற கணக்கு. சாம்பார், வத்தக்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு என்று எல்லாப் பக்கங்களிலும் அந்தக் குறிப்பையே எம்பெட் செய்திருக்கிறார்கள், அதாவது அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே தெரியும்படி செருகியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆர்டர் பக்கத்திலும் அதுவே வந்து நிற்கும். நல்ல ஏற்பாடு.

ஒரு சதாபிஷேக ஆர்டர் வந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், காரம் குறைவாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மேற்பார்வை பார்க்கும் பையன் அந்த ஆர்டர் பக்கத்தைத் திறந்தான். பொடிக் கணக்கு அங்கேயே தெரிந்தது. ‘மிளகாய் வற்றல் 2.5 கிலோ’ என்ற வரியில் விரலை வைத்து, 2-ஐ அழித்து 1 என்று போட்டான். விசேஷம் நன்றாக நடந்தது.

அதற்கு அடுத்த வாரம் அரைத்த பொடியிலும் மிளகாய் ஒன்றரைக் கிலோதான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. சாப்பிட்டவர்கள் ‘சாம்பார் சப்பென்று இருக்கிறது’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மிளகாய் சரக்கு சரியில்லை என்று முடிவு கட்டி, பல வருடமாக வற்றல் வாங்கிய கடையையே மாற்றிவிட்டார்கள். 19-ஆம் நாள்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வைத்திருந்த இலவசத் திட்டத்தில் பழைய பதிப்புகள் 7 நாள்தான் இருக்கும். கடைசியில் சரியான அளவைச் சொன்னது சமையல் மாஸ்டர். ‘எனக்கு அன்னைக்கே சந்தேகம்தாங்க. போன்ல என்ன இருக்கோ அதைத்தான் போடணும்னு சொல்லிட்டாங்க, போட்டுட்டேன்’ என்றார்.

அந்தப் பையனும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: ‘நான் அந்த ஆர்டர் பக்கத்துலதாங்க மாத்துனேன். மசாலா பக்கத்த நான் தொறக்கவே இல்லைங்க.’

இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! வக்கீல் அலுவலகத்தில், பயிற்சி மையத்தில், கட்டுமானத் தளத்தில், எல்லாரும் சொல்வது இதேதான். என் பக்கத்தில்தானே மாற்றினேன்?

தயவுசெய்து கேளுங்கள். அது உங்கள் பக்கம் இல்லை. உங்கள் பக்கத்தில் இருப்பது ஒரு ஜன்னல். அதன் வழியாகத் தெரிவது வேறு இடத்தில் இருக்கிற மூலக் குறிப்பு. அதன் நகல் கிடையாது, அதைப் போன்ற இன்னொன்றும் கிடையாது, அதுவேதான். அந்தக் குறிப்பு பதினைந்து பக்கத்தில் தெரிகிறது என்றால் பதினைந்து குறிப்புகள் இருப்பதாக அர்த்தமில்லை. இருப்பது ஒன்று, பார்க்கிற இடம்தான் பதினைந்து. இரண்டு வீட்டுக்கு நடுவே பொதுக் கிணறு இருந்தால், எந்த வீட்டுப் பக்கத்திலிருந்து வாளி இறங்கினாலும் தண்ணீர் ஒரே தண்ணீர்தானே? நீங்கள் எந்தப் பக்கத்தில் நின்று மாற்றினீர்கள் என்பது செயலிக்கு ஒரு பொருட்டே இல்லை.

இதில் தடுக்கி விழுகிறவர்கள் புதியவர்கள் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த வரையில், வேர்டிலும் எக்செலிலும் பத்து இருபது வருடம் பழகியவர்கள்தான் அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கோப்பில் இருப்பதை இன்னொரு கோப்புக்குள் செருக 1990-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஓஎல்இ (Object Linking and Embedding) முறையில் ‘லிங்க்’, ‘எம்பெட்’ என்று இரண்டு உண்டு. எக்செல் அட்டவணையை வேர்டில் லிங்க் செய்தால் மூலத்தோடு தொடர்பு இருக்கும். எம்பெட் செய்தால் அது தனி நகல். அங்கே என்ன மாற்றினாலும் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. இன்றைக்கு அப்சிடியன், லாக்சீக் போன்ற குறிப்புச் செயலிகளில் அதே ‘எம்பெட்’ என்ற சொல் நேர் எதிரான பொருளில் வருகிறது. அங்கே எம்பெட் என்றால் மூலமே வந்து தெரிவது. பழைய பொருளை மனதில் வைத்துக்கொண்டு புதிய செயலியில் கை வைக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

தலைகீழாக நடப்பதும் உண்டு. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், குறிப்புச் செயலிக்குள் செருகியிருந்த எக்செல் தாளில் பயிற்சிக்கு வந்த பெண் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கைச் சரிசெய்தார். பொதுக் கோப்புறையில் இருந்த மூலக் கோப்பில் ஓர் எண் கூட மாறவில்லை, ஆடிட்டர் அந்தத் திருத்தாத கோப்பைத்தான் அனுப்பினார். ஒன்நோட் என்ற குறிப்புச் செயலியில் எக்செல் கோப்பைச் செருகினால் உள்ளே போவது நகல்தான் என்பதை எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறார்கள்?

ஒரு மூலம், பல தோற்றங்கள் என்ற யோசனை புதிதல்ல. 1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட மென்பொருளிலேயே மூல வரைபடத்தைத் திருத்தினால் அதிலிருந்து எடுத்த எல்லா உருவங்களும் மாறும். விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களும் (டெம்ப்ளேட்) அதே வழிதான். ஒரு வார்ப்புரு ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் தெரியும். ஆனால் அதன் உள்ளடக்கத்தை மாற்ற வார்ப்புருவின் சொந்தப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும், அதிகம் பயன்படுகிறவற்றுக்குப் பூட்டும் போட்டிருப்பார்கள். அந்தப் பூட்டு எவ்வளவு அவசியம் என்பது என் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இருந்த இடத்திலேயே திருத்தும் வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது எம்பெட் செய்த பகுதியில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் படுகிறது, அங்கேயே திருத்திவிட்டுப் போவது எவ்வளவு சுகம்! நானே தினமும் செய்கிறேன். ஆனால் பிழைதிருத்தம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். ‘இந்த ஆர்டருக்கு மட்டும்’ என்பது பொருந்தாது. தட்டச்சு செய்யும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எல்லாப் பக்கத்திலும் மாற வேண்டுமா, இங்கே மட்டுமா?

இங்கே மட்டும் என்றால் ஜன்னலுக்குள் போகாதீர்கள். அதற்குக் கீழே, உங்கள் பக்கத்தில், ஒரு வரி எழுதுங்கள்: ‘இந்த ஆர்டருக்கு மட்டும் மிளகாய் 1.5 கிலோ.’ முடிந்தது. மூலமும் பத்திரம், மாற்றமும் கண்ணுக்குத் தெரியும். நிறைய மாற்ற வேண்டியிருந்தால் உள்ளடக்கத்தை நகலெடுத்துத் தனியாக ஒட்டிக்கொள்ளுங்கள். நோஷன் செயலியில் சிங்க் பிளாக் (பல பக்கங்களில் ஒன்றாகவே மாறும் பகுதி) என்றால், ‘அன்சிங்க்’ செய்து அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திருத்துங்கள். அந்த பிளாக்கில் கர்சரை வைத்தால் சுற்றிலும் சிவப்புக் கோடு வரும், வேறு எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்பதும் மேலே தெரியும். அந்தச் சிவப்பு அழகுக்குப் போட்டதல்ல. பாருங்கள்.

அப்சிடியனில் `![[சாம்பார் பொடி]]` என்று எழுதினால் அந்தக் குறிப்பு வந்து தெரியும். இயல்பாக அதைப் பார்க்க மட்டும்தான் முடியும், திருத்த மூலத்தைத் திறக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்லி, அங்கேயே திருத்தும் செருகுநிரலை (பிளகின்) தேடிப் பிடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். தனி ஆளாகப் பயன்படுத்தினால் போட்டுக்கொள்ளுங்கள். நாலு பேர் பகிரும் இடத்தில் வேண்டவே வேண்டாம். அப்புறம், அதிலேயே கேன்வாஸில் (குறிப்புகளை அட்டைகளாகப் பரப்பி வைக்கும் பலகை) வைத்த குறிப்பு அட்டையை இரண்டு முறை சொடுக்கினால் திருத்த முடியும், அந்தத் திருத்தம் மூலக் கோப்பிலேயே விழும். லாக்சீக்கிலோ எம்பெட்டுக்குள் நேராகவே எழுதலாம். ஆக, ஒரு செயலியில் பழகியதை இன்னொன்றில் நம்பாதீர்கள்.

அழிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். எம்பெட் வரியை அழித்தால் போவது ஜன்னல் மட்டும். ஜன்னலுக்குள் நுழைந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தால் போவது மூலம். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்: பகுதி காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் செயலி எந்த வகை என்று தெரியவில்லையா? ‘சோதனை’ என்று ஒரு குறிப்பு உருவாக்குங்கள். இரண்டு பக்கத்தில் எம்பெட் செய்யுங்கள். ஒரு பக்கத்தில் நின்று ஒரு சொல்லை மாற்றிவிட்டு மற்றதைத் திறந்து பாருங்கள். இரண்டு நிமிடம் ஆகாது. ஐந்து இடத்திலும் இதைச் செய்து பார்த்த ஒருவர் கூட இல்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

அளவு, விலை, மருந்தின் டோஸ், சட்டப் பிரிவு போன்றவை இருக்கும் மூலக் குறிப்பில் கடைசியாக மாற்றிய தேதியையும் மாற்றியவர் பெயரையும் ஒரு வரியில் வையுங்கள். திருத்தும் உரிமையை ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் கொடுங்கள். பழைய பதிப்புகள் எத்தனை நாள் இருக்கும் என்று இன்றே பாருங்கள். அப்சிடியனின் கோப்பு மீட்பு வசதி (File recovery) பழைய பதிப்புகளை, அமைப்பை நீங்கள் மாற்றாத வரை, 7 நாள்தான் வைத்திருக்கும். சாம்பாரில் காரம் குறைவதை ஊர் கண்டுபிடிக்க அதைவிட அதிக நாளாகும்.

அந்தச் சமையற்கூடத்தில் இப்போது பொடிக் குறிப்பை மாஸ்டரும் முதலாளியம்மாவும் மட்டுமே திருத்த முடியும். பையனை யாரும் திட்டவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன். பழைய மிளகாய்க் கடைக்காரரை நேரில் போய்ப் பார்த்துச் சரக்கில் குறை இல்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். நேற்று போன் செய்து விசாரித்தேன். இன்னும் போகவில்லையாம்.