பெரணியா, பன்னமா?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் மலைப்பாதையில், மண்ணை வெட்டிவிட்ட கரைகளில் தண்ணீர் கசிகிற இடம் பார்த்து ஒரு சின்னச் செடி முளைத்திருக்கும். சிறு வயதில் அக்கா அதில் ஓர் இலையைக் கிள்ளி, அடிப்பக்கம் தோலில் படும்படி என் முன்கையில் வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாள். எடுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று அந்த இலை கையில் அப்படியே பதிந்திருக்கும். எங்களுக்கு அது அச்சு இலை.

பாடப்புத்தகத்தில் அந்த இனத்துக்குப் பெயர் பெரணி. பூக்காமல் காய்க்காமல், இலையடியில் விளையும் வித்துத்தூளைக் காற்றில் விட்டுப் பெருகும் செடிகள். பெரணி என்பது ஆங்கில 'ஃபெர்ன்' நம் வாய்க்கு வளைந்து வந்த உருவம் என்றே எனக்குப் படுகிறது. இலங்கைத் தமிழில் இது பன்னம். கணவாய்க்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் பன்னல். பன்னம் என்றால் இலை. வடமொழி 'பர்ண'த்தின் தமிழ் வடிவம். இலை வேய்ந்த குடிலைப் பன்னசாலை என்கிறோமே, அதே பன்னம்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஃபெர்னும் பர்ணமும் ஒரே பழைய இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. பர்ணத்துக்கு இறகு என்றும் பொருள். நடுக்காம்பின் இருபுறமும் இறகு விரித்த இந்த இலையைப் பார்த்தவருக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டுமே வெளியிலிருந்து வந்த சொற்கள்தாம். ஆனாலும் பன்னசாலை வழியாக முன்பே நம் வீட்டுக்குள் வந்துவிட்ட பன்னத்தையே நான் எடுத்துக்கொள்வேன்.

அந்த அச்சு இலைச் செடி வெள்ளிப் பன்னம். அறிவியல் பெயர் பிட்டிரோகிராமா கலோமெலனோஸ். கிரேக்கத்தில் 'பிட்டிரோன்' தவிடு, 'கலோஸ்' அழகு, 'மெலாஸ்' கருமை. 1753-இல் இதற்குக் கலோமெலனோஸ் என்று பெயர் வைத்தவர் லின்னேயஸ். நாம் இலையடி வெள்ளையைப் பார்த்து வெள்ளி என்கிறோம். அந்தப் பெயரோ பளபளக்கும் காம்பின் கருமையைச் சொல்கிறது. அடையாளம் காண இரண்டும் வேண்டும்.

இதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. அதனால் பழைய மூலிகை நூல்களில் இதற்குப் பெயர் தேடிப் பயனில்லை. அடர்காட்டுக்குள் போய்த் தேடவும் வேண்டாம். சாலை வெட்டு, ஓடைக்கரை, ஈரமண் சரிவு என்று மண் புரண்ட இடத்தில்தான் முதலில் வந்து நிற்கும்.

அச்சுக்கு இளசான இலையாகக் கிள்ளுங்கள். முற்றினால் வித்துப்பைகள் பழுத்து அடிப்பக்கம் பழுப்பேறிவிடும், வெள்ளை சரியாக ஒட்டாது.